நிற்கிற இடத்தைக் கடைசியாகத் துடைத்தவருக்கு

முந்நூற்று இரண்டு ரூபாய் ஐம்பத்தொரு காசு எனக்குத் தரவேண்டியிருக்கும், எங்கள் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய அக்கா அவர்களே,

ஆய்வகத்தின் அச்சாணியே, ஆண்டுதோறும் வந்த பிள்ளைகளின் அச்சம் தீர்த்த அருமருந்தே, துடைப்பத்தில் தொடங்கித் தொழில்நுட்ப உதவியாளராய் உயர்ந்த தூயவரே, மேல்மாடியின் நாற்பது கணினிகளையும் காலையில் எழுப்பி மாலையில் உறங்கவைத்த தாயே, இன்று பணி ஓய்வு பெறும் உங்களுக்கு, இக்கல்லூரியின் துப்புரவுப் பணியாளர்கள் ஐவரும் கூடி, கூப்பிய கையும் கொஞ்சம் குமுறலுமாகப் படித்தளிக்கும் பாராட்டு மடல் இது.

கடனை முதலில் சொன்னதற்குச் சபை பொறுத்தருள வேண்டும். மடல் என்றால் வாழ்த்தில் தொடங்கி வாழ்த்தில் முடியவேண்டும் என்று எனக்கும் தெரியும். கீழ்த்தளத்து நடையில் பதினோரு மடல்கள் கண்ணாடிக்குள் தொங்குகின்றன. பதினொன்றையும் வாரம் இருமுறை நான்தான் துடைக்கிறேன். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்தபின், துடைத்தபடியே அவற்றைப் படித்தும் முடித்தேன். அச்சாணி, அருமருந்து என்பதெல்லாம் அங்கே பொறுக்கியவை. ஆனால் கடனை வயிற்றில் வைத்துக்கொண்டு வாழ்த்தை மட்டும் வாயில் வைத்தால் வாய் கோணிக்கொள்ளும். அதனால் உள்ளதைச் சொல்லிவிட்டே வாழ்த்துகிறேன். என்னோடு கையெழுத்திட்ட நால்வரும், "நீயே எழுது, நீயே படி, திட்டு விழுந்தா நீயே வாங்கிக்க" என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே இதில் 'நாங்கள்' என்று வரும் இடமெல்லாம் அவர்களுடையது. 'நான்' என்று வரும் இடமெல்லாம் என் தலையில்.

அக்கா, இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரே காலையில், ஒரே வரிசையில் நின்று, ஒரே ஒப்பந்தக்காரரிடம் நீங்களும் நானும் கைநாட்டும் கையெழுத்துமாக வேலைக்குச் சேர்ந்தோம். கையெழுத்து உங்களுடையது, கைநாட்டு என்னுடையது. இருவருக்கும் சேர்த்து ஒரு வாளி கொடுத்தார்கள். வயதில் நீங்கள் மூன்றாண்டு மூத்தவர். வேலையில் நான் நான்காண்டு மூத்தவள். நான் அதற்குமுன் ஒரு மருத்துவமனையில் தரை துடைத்தவள். நீங்கள் தையற்கடையில் பொத்தான் தைத்தவர். ஈரத்துணியைப் பிழியச் சொன்னால் கைக்குட்டையைப் பிழிவது போலப் பிழிவீர்கள்.

சேர்ந்த முதல் வாரம், மேல்மாடி ஆய்வகத்தின் நீள அறையை வாசலில் தொடங்கித் துடைத்துக்கொண்டே போய், உள்மூலையில் சுவரோடு சுவராய் ஒட்டி நின்றுவிட்டீர்கள். முன்னால் ஈரத்தரை, பின்னால் சுவர். கால் வைத்தால் தடம் விழும், தடம் விழுந்தால் மேற்பார்வையாளர் வாயில் விழவேண்டும். நான் படிக்கட்டை முடித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தேன்.

"என்னக்கா, அங்க நின்னு யாருக்குக் காவல் காக்கறீங்க?"

"காயட்டும்னு நிக்கிறேன்."

"நிக்கிற இடத்தைக் கடைசியா துடைக்கணும்க்கா. உள்மூலையில ஆரம்பிச்சா வாசல்ல முடியும். வாசல்ல ஆரம்பிச்சா இப்படித்தான், பொம்மை மாதிரி நிக்கணும்."

அன்றே எனக்கு ஒரு பெயர் வைத்தீர்கள்: மூலை. வேலையை மூலையில் தொடங்குவதாலும், சோற்றை மூலையில் உட்கார்ந்து தின்பதாலும் அது எனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை போலப் பொருந்தியது. "மூலை, டீ குடிக்க வா." "மூலை, வாளியை எங்க ஒளிச்சு வச்ச?" பெற்றவர் வைத்த பெயரைக்கூட என்னை யாரும் அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டதில்லை. நம் இருவர் காதைத் தவிர வேறு காது அந்தப் பெயரைக் கேட்டதில்லை.

இனி வருவதைச் சொல்லத்தான் இத்தனை ஆண்டுகளாக நாக்கு அரித்தது.

ஒற்றைப்படை நாளில் கணினி ஆய்வகம் எனக்கு, படிக்கட்டு உங்களுக்கு. இரட்டைப்படை நாளில் மாறிக்கொள்வோம். அது பதினேழாம் தேதி. எப்படிக் கூட்டினாலும் கழித்தாலும் பதினேழு ஒற்றைப்படைதான், ஆய்வகம் என்னுடையதுதான். ஆனால் எனக்கு ஜலதோஷம். உள்ளே ஏசிக் குளிர்.

"அக்கா, இன்னிக்கு ஒருநாள் மாத்திக்கலாமா? உள்ள போனா தும்மியே செத்துருவேன்."

"நீ படிக்கட்டுக்குப் போ மூலை. லேபை நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டீர்கள். இருபத்திரண்டு ஆண்டு நன்றாகவே பார்த்துக்கொண்டீர்கள்.

அன்று முதலாண்டுப் பிள்ளைகளுக்கு நிரல் எழுதும் பாடத்தின் முதல் வகுப்பு. இதோ முன்வரிசையில் வந்து அமர்ந்திருக்கும், மூக்கில் ஒரு கண்ணாடியும் நெற்றியில் ஒரு கண்ணாடியுமாக இருப்பதால் 'நாலு கண்ணு சார்' என்று பிள்ளைகள் செல்லமாக அழைத்த பேராசிரியர் ஐயாதான் பாடம் எடுத்தார். கணினியைத் திறக்கவே விடவில்லை. "மெஷினுக்குச் சொல்றதுக்கு முன்னாடி மனுஷனுக்குச் சொல்லிப் பாருங்க. இந்த ரூமைத் துடைக்கணும். ஒன்னுமே தெரியாத ஒருத்தருக்குப் படிப்படியா எழுதிக் குடுங்க. சரியா எழுதினவங்களுக்கு என் சட்டைப் பையிலேர்ந்து ஐம்பது ரூபாய்" என்றார். பிறகு, துடைப்பத்தோடு நின்ற உங்களைக் கூப்பிட்டு, "அம்மா, இவங்க சொல்றதை மட்டும் செய்யுங்க. சொல்லாத எதையும் செய்யாதீங்க" என்றார்.

ஒரு பிள்ளை துணியை நனைக்கச் சொல்லவில்லை. காய்ந்த துணியால் காற்றைத் துடைப்பது போலத் துடைத்தீர்கள். ஒரு பிள்ளை நனைக்கச் சொன்னான், பிழியச் சொல்லவில்லை; தண்ணீர் மேசைக்கால் வரை ஓடியது. இன்னொரு பிள்ளை நனைத்தல், பிழிதல், அலசுதல் எல்லாம் அழகாக எழுதி, வாசலில் தொடங்கச் சொல்லியிருந்தாள். மறுபடியும் அதே உள்மூலையில் போய் நின்றீர்கள். வகுப்பே சிரித்தது. "என்ன தப்பு, யார் சொல்றீங்க?" என்றார் சார். எந்தப் பிள்ளையும் வாய் திறக்கவில்லை. நீங்கள் திறந்தீர்கள்.

"நிக்கிற இடத்தைக் கடைசியா துடைக்கணும் சார். உள்மூலையில ஆரம்பிச்சு வாசல்ல முடிக்கணும்."

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, மூன்றாம் படியில், மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். வாக்கியம் என்னுடையது, வாய் உங்களுடையது. ஐம்பது ரூபாயும் உங்களுடையது. சார் அதைக் கரும்பலகையில் பெரிதாக எழுதினார். பிள்ளைகள் நாற்பது பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் தும்மினேன்.

வெளியே வந்து தாளை விரித்துக் காட்டினீர்கள். "பாதி உனக்கு மூலை. நாளைக்குச் சில்லறை மாத்திக் குடுக்கறேன்." நாளை வந்தது. உங்களைக் கடைசி இருக்கையில் உட்கார்ந்து பாடம் கேட்கச் சார் சொல்லிவிட்ட சேதியும் வந்தது. சில்லறை மட்டும் வரவில்லை.

அதன்பின் நீங்கள் ஏறிய படிகளை இச்சபை அறியும். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓராண்டு பாடம் கேட்டீர்கள். சான்றிதழ்த் தேர்வு எழுதினீர்கள். தற்காலிக உதவியாளர் ஆனீர்கள், பிறகு நிரந்தரம் ஆனீர்கள். சாவிக்கொத்து வந்தது, உருளும் நாற்காலி வந்தது, கதவில் பெயர்ப்பலகை வந்தது. அந்தப் பெயர்ப்பலகையைத் துடைக்கும் வேலை எனக்கு வந்தது. ஒளிக்காமல் சொல்கிறேன், அதில் உங்கள் பெயரின் முதல் எழுத்தை மட்டும் அழுத்தித் துடைப்பேன், சீக்கிரம் தேயட்டும் என்று. பித்தளை, தேயவில்லை. பளபளத்தது.

உங்கள் அருங்குணங்களைப் பட்டியலிட என்னைவிடத் தகுந்தவர் இங்கே இல்லை. பொறாமைக்காரி கண்ணுக்குத்தான் எதிராளியின் நல்லது ஒன்றுவிடாமல் தெரியும். பதினான்காம் எண் கணினியின் விசிறி இரைவதை வாசலில் நின்றே சொல்வீர்கள். கணினிகளுக்குப் பூஜ்யத்திலிருந்து முப்பத்தொன்பது வரை எண் ஒட்டினீர்கள். "நாப்பதைத் துடைச்சிட்டியா" என்று மேற்பார்வையாளர் கேட்க, இல்லாத நாற்பதாம் கணினியைத் தேடி நான் அரைமணி அலைந்தேன். தேர்வன்று மின்சாரம் போனால், "யாரும் எழாதீங்க, ரெண்டு நிமிஷத்துக்கு ஒருதரம் சேமிக்கச் சொன்னது இதுக்குத்தான்" என்பீர்கள். சேமிக்காத பிள்ளையின் பக்கத்தில் போய்ச் சத்தமில்லாமல் நிற்பீர்கள்.

திரையில் சிவப்பாய் வரி வந்ததும் அழுகிற பிள்ளைகளிடம் நீங்கள் சொல்வதை நான் மனப்பாடமாகவே சொல்வேன்: "அது திட்டலை கண்ணு. எந்த வரியில இடிக்குதுன்னு வழி சொல்லுது. வழி சொல்றவங்ககிட்ட யாராவது அழுவாங்களா?" அதிலும் உங்கள் தனிக்கை ஒன்று உண்டு. பிழை பிடிபடாத பிள்ளையின் பக்கத்தில் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய், "எனக்கு ஒன்னும் தெரியாது, நான் தரை துடைச்சவ. எனக்குப் புரியிற மாதிரி முதல் வரியிலேர்ந்து சொல்லு" என்பீர்கள். சொல்லச் சொல்லப் பாதியிலேயே அந்தப் பிள்ளை "ஐயோ, கண்டுபிடிச்சுட்டேன்" என்று கத்தும். எத்தனையோ பிள்ளைகள் அப்படிக் கரையேறினார்கள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஒன்றும் தெரியாத, தரை துடைக்கிற பெண் வேண்டுமென்றால், அங்கேயே வாளியோடு அசல் ஒருத்தி நின்றுகொண்டுதானே இருந்தாள்? அந்த வேடத்தையுமா நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்?

எல்லாவற்றையும்விட என்னைக் கொதிக்கவைத்தது வேறு. ஆய்வகத்துக்குள் போனபின் நீங்கள் என்னை மூலை என்று கூப்பிடவில்லை. பிள்ளைகள் முன் "ஏம்மா" என்றீர்கள், ஊழியர் முன் "தங்கச்சி" என்றீர்கள். உருளும் நாற்காலியில் உட்கார்ந்ததும் பழைய பெயரும் உருண்டோடிவிட்டது என்று நினைத்தேன்.

மூன்றாண்டுக்கு முன் நான் எழுத்துக் கற்றேன். அறிவுத்தாகம் என்று மேற்பார்வையாளர் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். தாகமுமில்லை, பசியுமில்லை. நீங்கள் கணினியே கற்றீர்கள், நான் 'அ'கூடக் கற்கவில்லையே என்ற வயிற்றெரிச்சல். என் மருமகள்தான் குருவானாள். அடுப்பில் உலை கொதிக்கும் நேரத்தில், பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பாடம். எல்லா எழுத்தும் வசப்பட்டன. ல, ள, ழ மூன்றும் என் வாயில் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் போல ஒன்றாகவே வந்தன.

"நாக்கை மடிங்க அத்தை. பல்லி வேற, பள்ளி வேற. நீங்க எழுதினதைப் படிச்சா ஊர்ப் பிள்ளைங்க எல்லாம் புத்தகப் பையை மாட்டிக்கிட்டுப் பல்லிக்குப் போகுது."

"போனா போகட்டும். பல்லி கடிக்காது."

அப்படிக் கற்ற எழுத்தோடு ஆய்வகத்துக்குள் நுழைந்து, முதன்முதலாக அண்ணாந்து பார்த்துப் படித்தது, பலகைக்கு மேல், ஏணியில்லாமல் எட்டாத உயரத்தில் தொங்கும் உங்கள் சார்ட்டை. அந்த முதல் வகுப்பின் துடைப்பப் பாடத்தை, இன்றைக்குப் பதினெட்டு ஆண்டுக்கு முன், உங்கள் கையாலேயே எழுதிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தீர்கள். நனை, பிழி, உள்மூலைக்குப் போ, வாசல்வரை பின்வாங்கித் துடை, நிற்கிற இடத்தைக் கடைசியாகத் துடை. எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு சாய்கோடு போட்டு ஒரு வரி.

சாய்கோடு போட்ட வரிக்குக் குறிப்பு வரி என்று பெயர். இயந்திரம் அதைத் தாண்டிப் போய்விடும். மனிதர் படிப்பதற்கென்றே எழுதுவது. "யாரு, எதுக்கு இதைச் செஞ்சாங்கன்னு அடுத்து வர்றவங்களுக்கு அதுலதான் தெரியும். அதை எழுதாதவன் நன்றிகெட்டவன்" என்று ஆண்டுதோறும் பிள்ளைகளிடம் நீங்கள் சொல்வதைத் துடைத்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். அந்தக் குறிப்பு வரியை நான் எழுத்துக் கூட்டினேன்: மூளை சொன்னபடி.

வீட்டுக்குப் போய் மருமகளைக் கேட்டேன். "பள்ளிக்குப் போடுற 'ள' போட்ட மூளைன்னா என்னடி?"

"அறிவு அத்தை. மண்டைக்குள்ள இருக்குமே."

யாருடைய மண்டைக்குள் என்று நான் கேட்கவில்லை. வாக்கியத்தை எடுத்துக்கொண்டது போதாதென்று, அது தன் மூளையில் உதித்தது என்று சுவரிலும் எழுதி, அதையும் என்னையே தூசி தட்ட வைத்திருக்கிறார் என்று எண்ணி, அதன்பின் மூன்றாண்டு நான் அந்தப் பக்கம் தலை நிமிர்த்தவில்லை. நீண்ட கோலில் கட்டிய காய்ந்த துணியால், கண்ணை மூடிக்கொண்டு தட்டுவேன். மின்சாரச் சுவரில் ஈரத்துணி கூடாது என்பது நீங்களே போட்ட விதி.

உங்கள் ஓய்வுநாள் குறித்தார்கள். அதிலும் எனக்குப் பொறாமை. ஒப்பந்தக் கூலிக்கு ஓய்வுநாள் கிடையாது. ஒருநாள் முழங்கால் நிற்கும், அதோடு வேலை நிற்கும். அப்போதுதான் அந்த இருபத்தைந்து ரூபாய் நினைவு வந்தது. முன்வரிசையில் உட்காரும் முதலாண்டு மாணவி ஒருத்தியிடம், "பாப்பா, இருபத்தஞ்சு ரூபா, இருபத்திரண்டு வருஷம், எங்க சங்கத்து வட்டி நூத்துக்குப் பன்னெண்டு, வட்டிக்கு வட்டி. எவ்வளவு வரும்?" என்று கேட்டேன். அவர்களுக்கு அந்த வாரப் பயிற்சியே கூட்டுவட்டிதானாம். தட்டினாள். முந்நூற்று முப்பத்தெட்டு ரூபாய் எண்பத்தொரு காசு. என் நெஞ்சு குளிர்ந்தது. அந்த நேரம் பார்த்து நாற்காலியை உருட்டிக்கொண்டு நீங்கள் வந்தீர்கள்.

"பூஜ்யத்துல ஆரம்பிச்சா இருபத்திரண்டுக்கு முன்னாடியே நிக்கணும் கண்ணு. நீ இருபத்திரண்டையும் சேத்து எண்ணிட்ட. ஒரு வருஷ வட்டி கூடப் பிடுங்குற. கடன் வாங்கினவங்க பாவம் இல்லையா?"

மாணவி திருத்தினாள். முந்நூற்று இரண்டு ரூபாய் ஐம்பத்தொரு காசு ஆனது. கடன்காரரே கடனைக் குறைத்த கதையை நான் அன்றுதான் கண்ணால் கண்டேன். நீங்கள் நிறுத்தவில்லை. "இருபத்தஞ்சு ரூபாய்க்கு இருபத்திரண்டு வருஷமா? யாரும்மா அவ்வளவு காலம் காத்துக்கிட்டு இருந்தது?" என்று சிரித்தீர்கள். நான் இரண்டடி தள்ளிக் குனிந்து துடைத்துக்கொண்டிருந்தேன். துணியை முறுக்கிய முறுக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் அதில் மிஞ்சவில்லை.

அன்று முடிவு செய்தேன், இந்த மேடையில் உங்களைத் தோலுரிப்பது என்று. துப்புரவுப் பணியாளராய்ச் சேர்ந்தவர் நீங்கள் என்பதால் எங்கள் சார்பில் ஒரு மடல் வேண்டும் என்று அலுவலகக் கண்காணிப்பாளர் கேட்டபோது, மற்ற நால்வரும் பின்வாங்க, நான் முந்திக்கொண்டேன். முதலில் எழுதியது வேறு மடல். 'வாக்கியத்தை வாரிச் சுருட்டிய வல்லவரே' என்று தொடங்கும். மோனை நன்றாக அமைந்தது. மருமகள் படித்துவிட்டு, "அத்தை, எழுத்துப்பிழை ஒன்னுகூட இல்ல. மத்தபடி எல்லாமே பிழை" என்றாள்.

மடலுக்குச் சட்டம் வேண்டுமே என்று கண்காணிப்பாளரைக் கேட்டேன். "புதுசுக்கெல்லாம் காசில்லம்மா. அந்த அம்மாவே போறாங்க, அவங்க சார்ட் எதுக்கு? அதைக் கழட்டிட்டு உங்க மடலை அந்தச் சட்டத்துல போட்டுருங்க" என்றார். சபையோரே, பாயசத்தை வாயில் ஊற்றியது போல இருந்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு நானே போனேன். நானே கழற்றினேன். கீழே குழாயடிக்குக் கொண்டுவந்து திண்டில் படுக்கவைத்து, கண்ணாடிக்குத் தெளிக்கிற நீலத் தண்ணீரைத் தெளித்து, ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தேன். பழைய அழுக்கு அல்லவா, நன்றாகவே அழுத்தினேன்.

துணியில் கறுப்பு மை வந்தது.

தாளில் எழுதிய மை, கண்ணாடியைத் தாண்டித் துணிக்கு எப்படி வரும் என்று குனிந்து பார்த்தேன். மூளை இருந்த இடத்தில் மூலை இருந்தது.

எந்த ஆண்டோ, நல்ல தமிழ் படித்த எந்தப் பிள்ளையோ மேசைமேல் ஏறி நின்று, 'சொல்வது மூளையல்லவா, மூலை எப்படிச் சொல்லும், அம்மா எழுத்துப்பிழை விட்டுவிட்டார்' என்று நினைத்து, கண்ணாடியின் மேலேயே தடித்த பேனாவால் 'லை'க்கு ஒரு காலை ஒட்டி 'ளை' ஆக்கியிருக்கிறது. கீழே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. காய்ந்த துணிக்கு அது அசையாது. நீங்கள் எழுதியது அடியில் அப்படியே இருந்தது, உங்கள் தையற்கடைக் கையெழுத்தில்: மூலை சொன்னபடி.

குழாயைத் திறந்தபடியே விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். மேற்பார்வையாளர் வந்து, "என்னம்மா, கண்ணாடி உடைஞ்சிருச்சா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

மாட்டிய நாளில் அந்த எழுத்து எனக்கு வெறும் கோடு. அதை எழுத்தாகக் கற்று வந்தபோது அது மாறிப்போயிருந்தது. மாறியதைப் படித்துவிட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிள்ளைகளும் படித்திருப்பார்கள், மூலை என்பது ஒரு மனுஷி என்று எந்தப் பிள்ளைக்குத் தெரியும்? தன் பிழை தன் கண்ணுக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பவரிடம் காட்டுங்கள் என்று பாடம் நடத்திய நீங்களும், உங்கள் சார்ட்டில் விழுந்த பிழையைப் பார்க்கவில்லை. நானும் வந்து காட்டவில்லை. ஒரே ஒருதரம் "அக்கா, அதுல என்ன எழுதியிருக்கு?" என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் போதும். அந்த ஒரு கேள்வியைக் கேட்க என் வீறாப்பு விடவில்லை.

பேராசிரியர் ஐயா, இதுவரை அந்த வாக்கியத்தை அக்காவுடையது என்று நினைத்திருப்பீர்கள். அவர் பதினெட்டு ஆண்டுக்கு முன்பே அது யாருடையது என்று எழுதி, உங்கள் தலைக்கு மேலேயே மாட்டிவிட்டார். நாலு கண்ணும் அதைப் பார்க்கவில்லை என்று சொல்ல எனக்கு மட்டும் என்ன தகுதி? எனக்கும் இரண்டு கண் இருந்தது.

இதைக் கேட்டபின், 'அப்படியானால் பொறாமை தீர்ந்துவிட்டதா' என்று நீங்கள் நினைக்கலாம் அக்கா. மேடையில் பொய் சொல்லக்கூடாது. உருளும் நாற்காலி மேல் இன்னும் எனக்கு ஆசைதான். அந்தப் பதினேழாம் தேதி தும்மலை நினைத்தால் இன்னும் மூக்கு அரிக்கிறது. ஆனால் கடைசி இருக்கையில் ஓராண்டு உட்கார்ந்து, வீட்டில் வேலை முடித்து, விரல் வலிக்கத் தட்டிப் பழகித் தேர்வெழுதியது என் வாக்கியம் அல்ல; நீங்கள். ஒரு வாக்கியம் கதவைத் திறக்கும். உள்ளே போய் இருபத்திரண்டு ஆண்டு உட்காருவதற்கு வேறு என்னென்னவோ வேண்டும். அது எனக்கு இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அது தெரியாமலே போனதுதான் என் பொறாமையின் அடிவண்டல்.

ஆகவே சபையறிய இவற்றைச் சொல்லிக்கொள்கிறேன். அந்தச் சட்டத்தில் இந்த மடலைப் போடவில்லை. சார்ட்டை அதே சட்டத்தில், அதே ஆணியில், நேற்று மாலையே மாட்டிவிட்டேன். கண்காணிப்பாளர் ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம். எத்தனை மடல் வந்தாலும் அது அங்கிருந்து இறங்காது. முதலாண்டுப் பிள்ளைகள் திருத்தும் ஆசை வந்தால், மேசைமேல் ஏறுமுன் வாளி வைத்திருப்பவளை ஒரு வார்த்தை கேட்கட்டும். இந்த மடல் கண்ணாடி இல்லாமல், மருமகள் அட்டையில் ஒட்டிக் கொடுத்தபடி உங்கள் கைக்கு வருகிறது. துடைக்க வேண்டிய தேவை இல்லை. தூசி படிந்தால் ஊதிவிடுங்கள்.

எங்கள் அக்காவே, எழுந்தால் இடுப்பும் உட்கார்ந்தால் முழங்காலும் வலிக்காத உடல்நலத்தோடும், கேட்டதும் சிரிப்பு வரும் காதோடும், பேரப்பிள்ளைகள் பிழை செய்தால் எந்த வரியென்று மட்டும் சொல்லித் திட்டாதிருக்கும் மனத்தோடும், நூறாண்டு நீங்கள் நிறைவாய் வாழ நாங்கள் ஐவரும் நெஞ்சார வாழ்த்துகிறோம். நூறு என்றால் பூஜ்யத்திலிருந்து எண்ணி நூறையும் சேர்த்து. ஓராண்டு கூடவே பிடுங்கிக்கொள்ளுங்கள்; யாரும் பாவமில்லை.

கடைசியாகக் கணக்கு. உங்கள் பற்று, முதல் இருபத்தைந்தும் வட்டியுமாக முந்நூற்று இரண்டு ரூபாய் ஐம்பத்தொரு காசு. உங்கள் வரவு, ஓர் எழுத்து. நேர் செய்யப்பட்டது. இனி யாரும் யாருக்கும் தரவேண்டியது இல்லை. நான் நின்ற இடத்தையும் துடைத்துவிட்டேன், அக்கா. தரை காய்ந்துவிட்டது, தாராளமாக நடந்து போங்கள்.

இப்படிக்கு,
மேல்மாடி, கீழ்த்தளம், படிக்கட்டு, நடை, கழிவறை ஆகியவற்றின் துப்புரவுப் பணியாளர்கள் ஐவர்

எழுதிப் படித்தது:
மூலை